விடியவே விடியாத கூத்து

இலங்கை மலையகத்துல, அதாவது தேயிலைத் தோட்டங்க இருக்குற மலைநாட்டுல, எங்க தோட்டத்து டிவிஷன் பசங்களோட வாட்ஸ்அப் குரூப்புல ராத்திரி 12 மணிக்கு மேலதான் கச்சேரி, ஏன்னா நைட் டேட்டா அப்பதான் ஆரம்பிக்கும், பகல் டேட்டா பொழுது சாயுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். போன மாசம் ஒரு நாள் விடியக்காலையில எந்திரிச்சு போன பார்த்தா 300க்கு மேல மெசேஜ். மேல இருந்து வாசிச்சுக்கிட்டே வந்தேன். ஒரு தம்பி அரைப்பேர் போட்டதப் பத்தி கொந்தளிச்சு எழுதியிருக்கான் (தெரியாதவங்களுக்கு: நாள் முழுக்க மலையில நின்னும் சொன்ன கிலோ கொழுந்து வரலைனா பாதி நாள் சம்பளம்தான் விழும், அதுதான் அரைப்பேர்). அதுக்கு ஒருத்தன் சங்கத்த திட்டி, இன்னொருத்தன் சங்கத்துக்கு வக்காலத்து வாங்கி, ரெண்டு பேரோட அப்பாமாரும் சந்திக்கு வந்து, நடுவுல எவனோ மண்டையோட்டுக்கு வைக்கோல் தொப்பி மாட்டின, வன் பீஸ்ங்கிற ஜப்பான் கார்ட்டூன் கடற்கொள்ளைக்காரங்க கொடிய ஸ்டிக்கரா போட, பேச்சு அப்படியே கடற்கொள்ளைக்காரன் நல்லவனா இருக்க முடியுமான்னு திரும்பி, அங்கருந்து இராவணன் சீதையத் தூக்கினது நியாயமான்னு வந்து, 2 மணி போல ஒரு அண்ணே ரோஜாப்பூ படத்துல "துரோகம் செஞ்சவன் தூங்குவான், பட்டவன் தூங்கமாட்டான்"னு ஒரு வாசகத்தப் போட்டு கடைய சாத்தியிருக்கார். அதுக்கு கீழ 5 மணிக்கு ஒரு மரண அறிவித்தல். ராத்திரி பூரா அடிச்சுக்கிட்டவனுங்க எல்லாரும் வரிசையா கை கூப்பியிருக்கானுங்க.

இத வாசிக்கிற பெரியவங்களுக்கு உடனே வர்ற வார்த்தை "போன் வந்து பசங்க கெட்டுப்போச்சு". சம்பளம் பேசுற இடத்துல கார்ட்டூன் எதுக்கு, கார்ட்டூன் பேசுற இடத்துல நியாயம் தர்மம் எதுக்குன்னு. எனக்கு என்னமோ அப்படித் தோணல. அரசியல் சண்டை, நல்லது கெட்டது, மாயக்கதை மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறது எங்க ஆளுங்களுக்கு போன் சொல்லிக் குடுத்த பழக்கம் இல்ல. அது லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்லயே இருந்த பழக்கம். போன் மாத்தினது வேற ஒண்ண, அத மெதுவா சொல்றேன்.

மலையகத்துல மூணு கூத்து பேர் போனது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். இதுல காமன் கூத்துதான் எங்க பக்கம் பெருசு. மாசி மாசம் அமாவாசைக்கு அப்புறம் மூணாம் பிறை பார்த்து காமன் கம்பம் ஊன்றுவாங்க, பௌர்ணமி வரைக்கும் தப்பு மேளச் சத்தம் ஓயாது, அப்புறம் சிவன் நெத்திக்கண்ணுல காமன் எரிஞ்சு போவான், அவன் பொண்டாட்டி ரதி தலைவிரி கோலமா ஒப்பாரி வைப்பா, மூணாம் நாள் திரும்ப எழுப்புவாங்க. கதை அவ்வளவுதான், ஆனா அதுக்குள்ள ஊர்க்கதை எல்லாம் நுழையும். எங்க தாத்தா சொல்வார், கோமாளி வேஷம் கட்டினவன் அன்னைக்கு ராத்திரி மட்டும் வேலை வாங்குற கங்காணிய மூஞ்சிக்கு நேரா நக்கல் பண்ணலாம், தோட்டத்துரை நடக்கிற மாதிரி நடந்து காட்டலாம், மறுநாள் பிரட்டுக்களத்துல (காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற இடம்) யாரும் கேக்க முடியாது, கேட்டா "அது நான் இல்லீங்க, வேஷம்"னு சொல்லிடலாம். சரியான ஃபேக் ஐடி.

அதோட ஒரு விவாதமும் உண்டு. இந்தக் காமன் கதைய வைச்சு தஞ்சாவூர் பக்கம் லாவணின்னு ஒரு பாட்டுச் சண்டை, ஒரு குரூப் காமன் எரிஞ்சுட்டான்னு பாடும், இன்னொரு குரூப் எரியவே இல்லைனு பாடும், எரிந்த கட்சி எரியாத கட்சின்னே பேரு. ராத்திரி பூரா தத்துவம், புராணம், நக்கல், சவால், எல்லாம் கலந்து அடிச்சுக்குவாங்க. இன்னைக்கு ஒரு கதாபாத்திரம் உண்மையிலேயே செத்துட்டானா இல்லையான்னு மூணு நாள் கமெண்ட்ல சண்டை போடுற பசங்களுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சா, ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு தெரியுது. கூத்து விடிஞ்சதும் முடிஞ்சிரும். அரிதாரத்த கழுவிட்டு எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் ஒரே பீலிக்கரையில (தண்ணி பிடிக்கிற இடம்) நின்னு பல்லு விளக்கணும்.

எங்க ஆளுங்க ஏன் இப்படி சுத்தி வளைச்சு கதைக்குள்ள ஒளிஞ்சு பேசினாங்கன்னா, நேரா பேசுறதுக்கு இடம் இல்ல, அவ்வளவுதான். 1823ல தமிழ்நாட்டுல இருந்து எங்க ஆளுங்கள கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்துக்கு கூட்டிட்டு வந்ததுல இருந்து கணக்குப் போட்டா 2023ல 200 வருஷம் ஆச்சு, அந்த வருஷம் அத நினைவுபடுத்தி தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தாங்களே, ஞாபகம் இருக்கும். அந்த 200 வருஷத்துல 1947 தேர்தல்ல 7 பேர பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம், அடுத்த வருஷமே 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நாடு இல்லாதவங்களா ஆக்கிட்டாங்க, அதுக்கு அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. 1964ல சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்னு இலங்கை, இந்தியா ரெண்டு நாட்டுத் தலைவருங்க உக்காந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு பிரிச்சாங்க, மிச்சம் 1,50,000 பேர 1974ல பாதி பாதியா பங்கு போட்டாங்க, யாரையும் கேக்கல. இந்தக் கணக்கு ஒரு வழியா முடிய 1988, 2003னு இன்னும் சட்டம் மேல சட்டம் வேண்டியிருந்துச்சு. ஓட்டு இல்லாதவன் எங்க போய் அரசியல் பேசுவான், கூத்துல பேசுவான், பாட்டுல பேசுவான், சினிமா கொட்டகையில பேசுவான்.

பாட்டுன்னு சொன்னதும் மீனாட்சி அம்மையார் ஞாபகம் வருது. அவங்க வீட்டுக்காரர் கோ. நடேசையர், தோட்டத்துக்குள்ள வெளியாள விடமாட்டாங்கன்னு புடவை வியாபாரி வேஷத்துல உள்ள போய் லயத்த பார்த்துட்டு வந்தவர், எங்க வரலாற்றுல முதல் காஸ்ப்ளே அதுதான்னு நான் சும்மா சொல்வேன். அவரு பத்திரிகை நடத்தினார், அட்டன்ல இருந்து சங்கம் கட்டினார். ஆனா வாசிக்கத் தெரியாத ஜனத்துக்கு பத்திரிகை என்னத்துக்கு? அம்மையார் பாட்டு கட்டி மேடையில பாடினாங்க, சனங்களுக்கு ஏற்கனவே வாயில இருந்த மெட்டுல. தெரிஞ்ச மெட்டு, புது வார்த்தை, சின்ன சைஸ், கைமாத்தி கைமாத்திப் போகும். இன்னைக்கு சம்பளப் போராட்ட வீடியோவுக்கு மாஸ் பிஜிஎம் ஏத்தி ரீல்ஸ் விடுற பையன் செய்றதும் அதேதான், அவனுக்கு அந்தம்மா பேரு தெரியாது.

சினிமா வந்தப்புறம் எம்.ஜி.ஆர். அவரு 1917ல பிறந்தது கண்டிப் பக்கம்ங்கிறது லயத்து ஜனங்களுக்கு ஒரு பத்திரம் மாதிரி, எங்களுக்கும் அவருக்கும் காணி எல்லை ஒண்ணுன்னு. ஏழையக் காப்பாத்துற மாயவீரன், வாள் சண்டை, பறக்குற குதிரை, அதுக்குள்ளேயே கட்சிக்கொடி. தி.மு.க. காத்து இங்கயும் அடிச்சு இலங்கை திராவிட முன்னேற்றக் கழகம்னே ஒண்ணு வேர் பிடிச்சு, 60களோட தொடக்கத்துல அரசாங்கம் அதுக்கு தடை போடுற அளவுக்கு போச்சு. அப்ப ரசிகர் மன்றமும் அரசியலும் நியாயம் பேசுறதும் தனித்தனியா இருந்துச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்ப போன் என்ன பண்ணுச்சுன்னு பார்ப்போம். மொதல் விஷயம், களம் யார் கையில இருக்குங்கிறது. கூத்துக்களம் ஊருக்கு சொந்தம், எது போகலாம் எது போகக் கூடாதுன்னு கூத்த நடத்துற காமன் மாஸ்டர் பார்த்துக்குவார். பேஸ்புக்கு களம் கம்பனிக்கு சொந்தம், அவனுக்கு வேண்டியது நாம எவ்வளவு நேரம் நிக்கிறோம்ங்கிறது மட்டும்தான். 2018 ஆரம்பத்துல அவங்க ஃபீட மாத்தினப்போ நண்பர்கள், குடும்பம்னு நல்லாத்தான் சொன்னாங்க, உள்ளுக்குள்ள நடந்தது என்னன்னா யாரு அதிகமா கமெண்ட் வாங்குறாங்களோ அந்தப் போஸ்ட் மேல வரும். அதோட 2021ல வெளிய வந்த அவங்களோட உள் ஆவணங்கள்ல இன்னொரு கூத்து: 2017ல இருந்து ஒரு லைக்குக்கு ஒரு புள்ளின்னா கோபமூஞ்சி உள்பட மத்த மூஞ்சிகளுக்கு 5 புள்ளி. அதாவது எங்க பாஷையில சொன்னா லைக் போட்டவனுக்கு ஒரு பேர், கோவப்பட்டவனுக்கு அஞ்சு பேர். அப்புறம் அத குறைச்சுட்டாங்க, கடைசியா 2020ல கோபத்துக்கு பூஜ்ஜியம் ஆக்கினாங்க, ஆனா அதுக்குள்ள நாங்க எல்லாரும் நல்லா பழகிட்டோம்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு பெருசு. கூத்துல வேஷம் தெரியும். மூஞ்சில நீலத்தப் பூசிக்கிட்டு வர்றவன் சிவன் இல்ல, மூணாம் காம்பரா (லயத்து வீடு) மாமாதான்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும், தெரிஞ்சும் அழுவோம். போன்ல எது வேஷம்னு ஒரு அடையாளமும் கிடையாது, கதையும் செய்தியும் ஒரே எழுத்துல ஒரே அகலத்துல வரும். மாயக்கதைன்னா டிராகன், மந்திரக்கோல்தான்னு நினைச்சிடாதீங்க. எங்க பக்கத்துல ஆளக் கொன்ன மாயக்கதையில டிராகன் இல்ல, ஒரு மாத்திரைதான் இருந்துச்சு.

2018 பெப்ரவரி கடைசியில அம்பாறையில ஒரு முஸ்லிம் ஹோட்டல்ல சாப்பாட்டுல மலட்டு மாத்திரை கலக்கிறாங்கன்னு ஒரு கதை கிளம்பி, அந்தக் கடைக்காரரச் சுத்தி நின்னு ஒத்துக்க வைச்ச வீடியோ போன் போனா ஓடுச்சு. சாப்பாட்டுல போட்டா ஒருத்தர நிரந்தரமா மலடாக்குற அப்படி ஒரு மாத்திரையே உலகத்துல இல்ல. ஆனா கதை எவ்வளவு கச்சிதம் பாருங்க: நம்மளுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்குற எதிரி, ரகசிய மருந்து, அழியப்போற வம்சம், அதக் காப்பாத்த கிளம்புற வீரர்கள். மாயாஜாலப் படம் எடுக்கிறவன் யோசிக்கிற எல்லாமே இருக்கு. ஒரு வாரத்துல அந்தச் சூடு கண்டிக்கு வந்துச்சு. தாக்கப்பட்ட ஒரு லாரி டிரைவர் ஆஸ்பத்திரியில இறந்ததும் திகன, தெல்தெனிய பக்கம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிஞ்சது, மார்ச் 6ந் தேதி அவசரகாலச் சட்டம், 7ந் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கம். அந்த வாரம்தான் எங்க பக்கம் பாதிப் பேருக்கு முடக்கினதத் தாண்டிப் போற விபிஎன்னு ஒண்ணு இருக்கிறதே தெரிஞ்சுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு 2020 மே மாசம் பேஸ்புக் கம்பனி தன்னோட தளம் அந்தக் கலவரத்துக்கு உதவினதுக்கு வருத்தம் தெரிவிச்சுச்சு. கடை எரிஞ்சவர் அந்த அறிக்கைய எந்தச் சட்டத்துல மாட்டி வைப்பாரோ.

அதனால கார்ட்டூன் பார்க்கிற பசங்களப் பத்தி எனக்கு பயம் கம்மி. அவனுக்கு அது கதைன்னு தெரியும். கதைய கதைன்னு தெரியாம ஷேர் பண்ற பெரியவங்கதான் என் தலைவலி, ஆனா அவங்களுக்கு யாரும் போன குறைக்கச் சொல்லி புத்தி சொல்றதில்ல.

இராவணன் கதைக்கு வருவோம், அது இல்லாம மலையகத்துல மாயக்கதை பேச முடியாது, ஏன்னா கதை நடந்த செட்டே எங்க வீட்டு வாசல்லதான் கிடக்கு. நுவரெலியாவுக்கும் ஹக்கலவுக்கும் நடுவுல சீதா எலிய கோயில், எல்ல பக்கம் இராவணா நீர்வீழ்ச்சி, அதுக்கு மேல குகை. ஒரு பக்கம் தமிழ் யூடியூப்ல இராவணன் தமிழ் மன்னன், சிவபக்தன், ஆரியன் ஏமாத்திட்டான்னு ஓடும், திராவிட இயக்கம் அவன வில்லன்ல இருந்து ஹீரோவாக்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னொரு பக்கம் சிங்கள யூடியூப்ல அதே இராவணன் ஹெல, அதாவது ஆதிச் சிங்கள மன்னன், விமானம் ஓட்டினவன், மருத்துவன், அவனுக்கும் தமிழுக்கும் சம்பந்தமே இல்லைனு ஓடும். இது வெறும் பசங்க விளையாட்டுன்னும் தள்ள முடியாது, 2019ல இலங்கை விண்ணுக்கு அனுப்பின மொதல் குட்டி சாட்டிலைட்டுக்கு பேரே ராவணா 1, 2020 ஜூலையில சிவில் விமான அதிகாரசபை இராவணன் காலத்து விமானம் சம்பந்தமா ஆவணம், புத்தகம் இருந்தா அனுப்புங்கன்னு பத்திரிகையில விளம்பரமே போட்டுச்சு. இந்தியாவுல இருந்து இராமாயண டூர் வர்றவங்களுக்கு அவன் இன்னும் வில்லன்தான், 2024 மே மாசம் சீதா எலிய கும்பாபிஷேகத்துக்கு அயோத்தி சரயு நதியில இருந்து தண்ணி வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு த்ரீவீல் அண்ணே இருக்கார், ஆள் பார்த்து கதை மாத்துவார், வட இந்தியக்காரங்க ஏறினா அரக்கன், கொழும்புக்காரங்க ஏறினா ராஜா, வெள்ளைக்காரங்க ஏறினா விஞ்ஞானி. அவரளவுக்கு இந்த அரசியலப் புரிஞ்சவங்க குறைவு.

இந்தச் சண்டையில கமெண்டுக்கு கமெண்ட் நியாயம் வரும் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். தங்கச்சி மூக்க அறுத்ததுக்கு அண்ணன் பழி வாங்கினது சரியா, அதுக்கு சம்பந்தமில்லாத ஒரு பொண்ணத் தூக்கினது எப்படி சரியாகும், தொடாம வைச்சிருந்தா பெரிய மனுஷனா. ஒரு தடவை இதே சண்டை ஓடுறப்போ கொழுந்து எடுக்கிற அக்கா ஒண்ணு வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு, "அசோகவனத்துல அந்தம்மாவுக்கு அட்டைக்கடியாச்சும் இல்லாம இருந்திருக்கும், நீங்க ரெண்டு கட்சியும் சேர்ந்து எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்கடா மலையில"ன்னு. குரூப் ஒரு மணி நேரம் கப்சிப்.

இராவணன வைச்சு அடிச்சுக்கிறது கூட பரவாயில்ல, அவன் திரும்ப வந்து வருத்தப்படப் போறதில்ல. 2020 அக்டோபர்ல முத்தையா முரளிதரன் வாழ்க்கைய 800ங்கிற பேர்ல படமா எடுக்கப்போறோம், விஜய் சேதுபதி நடிக்கிறார்னு அறிவிச்சதும் நடந்தது உயிரோட இருக்குற ஆளுங்க மேல. தமிழ்நாட்டுல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் இனத்துரோகின்னு ஒரு அலை, போர் முடிஞ்ச 2009 பத்தி முரளி சொன்னது, ராஜபக்ச பக்கம் நின்னது எல்லாத்தையும் எடுத்துப் போட்டு, நடிகரோட குடும்பத்தையும் இழுத்து, ஒரு வாரத்துக்குள்ள முரளியே விலகிக்கச் சொல்லி அறிக்கை விட, சேதுபதி நன்றி வணக்கம்னு முடிச்சுட்டார். படம் வேற நடிகரோட 2023ல வந்துச்சு. முரளி அன்னைக்கு பேசினது எனக்கும் பிடிக்கல, அத சொல்றதுல ஒளிவு மறைவு இல்ல. ஆனா அந்த ஒரு வாரம் பூரா வாசிச்ச ஆயிரக்கணக்கான பதிவுல அந்த ஆளு கண்டிக்காரர், மலையகத் தமிழ்க் குடும்பம், அந்த சனத்துக்குன்னு தனியா ஒரு வரலாறு உண்டு, பிரஜாவுரிமை பறிபோனப்போ யார் யார் எந்தப் பக்கம் கை தூக்கினாங்கன்னு ஒரு கணக்கு உண்டுங்கிறத எழுதினவங்கள விரல் விட்டு எண்ணலாம். ஒரு பெரிய சினிமாவுல நல்லவன் கெட்டவன் ரோல் ரெண்டையும் வேற வேற ஊர்க்காரங்க எடுத்துக்கிட்டாங்க, நாங்க கூட்டத்துல நிக்கிற ஆளுங்க. 2025ல கச்சதீவ மீட்கணும்னு மதுரை மாநாட்டுல விஜய் பேச, கொஞ்ச நாள்ல செப்டம்பர் 1ந் தேதி ஜனாதிபதி அநுர கச்சதீவுக்கே போய் நின்னப்பவும் இதே கதிதான், தளபதி படம் ஸ்டேட்டஸ் வைச்சிருந்த எங்க பசங்க ரெண்டு நாள் என்ன வைக்கிறதுன்னு தெரியாம பூ படம் வைச்சிருந்தானுங்க.

இப்ப அந்தத் தம்பி ஏன் வன் பீஸ் கொடியப் போட்டான்னு யோசிங்க. எங்க பக்கத்துல நிஜமான எல்லா அடையாளத்துக்கும் ஏற்கனவே சொந்தக்காரன் இருக்கான், சேவல்னா ஒரு கட்சி, மண்வெட்டின்னா ஒரு கட்சி, எந்தக் கலர்ல சட்டை போட்டாலும் நீ எந்தச் சங்கம்டான்னு கேட்பாங்க. ஜப்பான்காரன் 1997ல இருந்து வரைஞ்சுக்கிட்டு இருக்குற கொள்ளைக்காரன் கொடிக்கு இங்க சந்தாப் பணம் வெட்டுற தலைவர் இல்ல. இது எங்க பசங்க மட்டும் கண்டுபிடிச்சது இல்ல. தாய்லாந்துல 2014 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் ஹங்கர் கேம்ஸ் படத்து மூணு விரல் வணக்கத்த எடுத்தாங்க, 2021ல அதே விரல் மியான்மாருக்குப் போச்சு. அந்தக் கதையில ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரே ஒரு தொழில், விளையுறதெல்லாம் தலைநகரத்துக்குப் போயிரும், இதை ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்ல. 2020ல தாய்லாந்து, ஹொங்கொங், தாய்வான் பசங்க சேர்ந்து ஆன்லைன்ல பால் டீ கூட்டணின்னு பேர் வைச்சுக்கிட்டாங்க, மூணு ஊர்லயும் பால் டீ குடிப்பாங்களாம், டீக்கொழுந்து கிள்ளுற எங்களக் கூப்பிடல, பால் இல்லாத சாயத்தண்ணிதானே குடிக்கிறோம். 2025 ஆகஸ்ட்ல அந்த வைக்கோல் தொப்பிக் கொடி இந்தோனேசியாவுல வீட்டுக்கு வீடு பறந்துச்சு, செப்டம்பர்ல நேபாளத்துல 26 தளத்த அரசாங்கம் முடக்கினதும் வெடிச்ச போராட்டத்துலயும் அதே கொடி, 70 பேருக்கு மேல செத்து, பிரதமர் ஒலி இறங்கி, அடுத்து இடைக்காலத்துக்கு யாருன்னு பசங்க டிஸ்கோர்ட்ல வாக்கெடுப்பு வைச்சாங்க, கேம் விளையாடுறவங்க பேசிக்கிற ஆப் அது.

கொடி மட்டும் இல்ல, ஆளும் ஒட்டுது. ஊரே ஒதுக்கி வைச்சு, பேரச் சொல்லாம திட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்த நருட்டோங்கிற ஜப்பான் கார்ட்டூன் நாயகன, டவுன் ஸ்கூல்ல "தோட்டக்காட்டான்"னு கேட்டு வளர்ந்த பையன் பார்க்கிறப்போ அவனுக்கு அது ஜப்பான் கதையாத் தெரியாது. என் தங்கச்சி மகன் தமிழ் டப்புல அதப் பார்த்துட்டு ஒரு நாள் கேட்டான், "மாமா, அந்த ஊர்க்காரங்க கடைசி வரைக்கும் மன்னிப்பு கேக்கலையே, இவன் ஏன் அவங்களக் காப்பாத்துறான்?" நான் என்னமோ சொல்லி சமாளிச்சேன். அந்தக் கேள்விய ஓட்டுரிமை வரலாறு படிச்ச பெரியவங்க கூட அவ்வளவு நேரா கேட்டதில்ல. வடக்கு, தமிழ்நாடு, கொழும்பு மூணோட சண்டையிலயும் எங்களுக்கு வசனம் இல்ல, எங்கயோ இருந்து வந்த மாயக்கதையில மட்டும்தான் எங்க பசங்க ஹீரோ ரோல்ல தங்களப் பொருத்திப் பார்க்க முடியுது, அதனாலதான் அத அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாங்கன்னு நான் நினைக்கிறேன்.

சரி, இந்தக் கூத்தெல்லாம் போனுக்குள்ளயே கிடந்து மக்கிப் போகுதான்னா, எப்பவும் இல்ல. 2018 அக்டோபர் 24ந் தேதி கொழும்புல கடையிலயும் கம்பனியிலயும் வேலை செய்ற எங்க இளைஞர்கள் பேஸ்புக்குல ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டு, கறுப்பு உடுப்போட காலிமுகத்திடல்ல ஆயிரக்கணக்குல கூடினாங்க, நாள் சம்பளம் 1000 ரூபா வேணும்னு. சங்கக் கொடி இல்ல, கறுப்பு மட்டும்தான். ரெண்டே நாள்ல, 26ந் தேதி ராத்திரி, திடீர்னு நாட்டுக்கு ரெண்டு பிரதமர் வந்து எல்லா டிவியும் அந்தப் பக்கம் திரும்பிருச்சு. 2019 ஜனவரியில அடிப்படைச் சம்பளம் 700ன்னு கையெழுத்து வைச்சாங்க, 1000 வர 2021 மார்ச் ஆச்சு. இருந்தாலும் அந்தக் கறுப்புச் சட்டை போட்டோவ இன்னும் ப்ரொஃபைல்ல வைச்சிருக்கிற அண்ணேமார் இருக்காங்க.

அரசாங்கத்துக்கு இதுல தெரிஞ்ச மருந்து ஒண்ணுதான். 2018ல முடக்கினாங்க, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கு அப்புறம் முடக்கினாங்க, 2022 ஏப்ரல் 3 அரகலய மக்கள் போராட்டம் சூடு பிடிக்கிறப்போ முடக்கிட்டு அன்னைக்கே திறந்தாங்க. 2024ல நிகழ்நிலைக் காப்புச் சட்டம்னு (ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம்) வந்து, எது பொய்யின்னு தீர்மானிக்க ஒரு ஆணைக்குழுன்னும் எழுதி வைச்சாங்க. களத்துல ரெண்டு பேர் கைகலந்தா பெட்ரோமெக்ஸ அணைக்கிற மாதிரி இது, இருட்டுல இன்னும் நாலு பேருக்கு அடி விழும். எங்க காமன் மாஸ்டருங்க அப்படிச் செய்யமாட்டாங்க, கோமாளிய உள்ள விடுவாங்க.

இந்த மாசி காமன் தகனத்த ஒரு தம்பி பேஸ்புக் லைவ் போட்டான். அரைப்பேர் சண்டையில சங்கத்துக்கு வக்காலத்து வாங்கினவன்தான் எமன் வேஷம், சங்கத்த திட்டினவன் கையில போன். களத்துல நின்னது 80 பேர் இருக்கும், லைவ்ல அதவிட கூட. குவைத்துல வீட்டு வேலை செய்ற ஒரு அக்கா ஹார்ட்டா போட்டுத் தள்ளுது, தமிழ்நாட்டுக் கூடலூர்ல இருந்து ஒருத்தர், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துல போன குடும்பம் போல, "எங்க தாத்தாவும் இதே களத்துலதான் ரதி வேஷம் கட்டினார், அந்த பலாமரம் இன்னும் நிக்குதா"ன்னு கேக்குறார். ரெண்டு பேர் வழக்கம் போல இது தமிழர் விழாவா இந்து விழாவான்னு அடிச்சுக்கிறாங்க. மழை தூற ஆரம்பிச்சுச்சு, விறகு பிடிக்கல, மண்ணெண்ணெய் எடுக்க ஒருத்தன் லயத்துக்கு ஓடினான். எமன் போன் பக்கம் வந்து குனிஞ்சு கமெண்ட வாசிச்சுட்டு, மீசை ஒட்டினது கழண்டு தொங்க, போன் வைச்சிருந்தவன்கிட்ட என்னமோ சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சானுங்க. கீழ கூடலூர்க்காரர் திரும்பவும் கேட்டிருந்தார், "எரிஞ்சுட்டானா?" எமனே டைப் பண்ணான், "இல்லண்ணே, இங்க மழை. கொஞ்சம் இருங்க."